மங்குமா, வடியுமா, பிசுபிசுக்குமா? மெல்ல மறைவதற்கான ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: அக்கா, 'மெல்ல மெல்ல மறைந்தது' என்று வரும் இடத்தில் எல்லாம் 'ஸ்லோலி டிஸப்பியர்டு' என்றே எழுதுகிறேன். தப்பா?

தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கும். தமிழிலேயே நாம் எல்லாவற்றுக்கும் 'மறைந்தது' என்று சொல்வதில்லையே. சாயம் மங்குகிறது, நிலா தேய்கிறது, வெள்ளம் வடிகிறது, வீக்கம் வற்றுகிறது, கூட்டம் கலைகிறது. ஆங்கிலமும் மறையும் பொருளைப் பார்த்துத்தான் வினையைத் தேர்கிறது. சாயத்துக்கு 'ஃபேட்', நிலாவுக்கு 'வேன்', வெள்ளத்துக்கு 'ரிஸீட்', வீக்கத்துக்கு 'சப்சைட்', கூட்டத்துக்கு 'டிஸ்பெர்ஸ்'. அதனால் முதலில் சரியான தமிழ் வினையைப் பிடியுங்கள், அப்புறம் அகராதியைத் திறங்கள். 'மறைதல்' என்று தேடினால் 'டிஸப்பியர்' தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்று. 'மெல்ல மெல்ல' என்பதை 'ஸ்லோலி ஸ்லோலி' என்று அடுக்க வேண்டாம். 'லிட்டில் பை லிட்டில்' அல்லது 'கிராஜுவலி' போதும்.

வங்கி ஊழியர்: 'தி ஃபைல் காட் டிஸப்பியர்டு' என்று எழுதியதை மேலதிகாரி அடித்துத் திருத்திவிட்டார். என்ன பிழை?

'டிஸப்பியர்' செயப்படுபொருள் குன்றிய வினை. கோப்பு தானாகக் காணாமல் போகும், அதை யாரும் 'டிஸப்பியர்' செய்ய முடியாது. எனவே 'தி ஃபைல் டிஸப்பியர்டு' என்பதோடு நிறுத்த வேண்டும். 'காட்', 'வாஸ்' எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது இலக்கணத்தால் வந்ததல்ல. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றி எழுதும்போது ஆங்கிலத்தில் 'வாஸ் டிஸப்பியர்டு' என்று வேண்டுமென்றே செயப்பாட்டு வினையில் எழுதுகிறார்கள். யாரோ செய்த செயல் என்பது அதில் தெரிய வேண்டும். இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் 'காணாமல் போனோர்' என்பதை மறுத்து 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

மருந்துக் கடை நடத்துபவர்: மருத்துவர்கள் சீட்டில் 'டேப்பர்' என்று எழுதுகிறார்கள். 'வேர் ஆஃப்' என்பதும் அதுதானே மேடம்?

இல்லை. 'வேர் ஆஃப்' தானாக நடப்பது. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசியின் வேகம் ஒரு சில மணி நேரத்தில் இறங்குகிறதே, அதுதான். 'டேப்பர்' என்பது கணக்குப் போட்டுக் குறைப்பது. பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டை நீண்ட காலம் சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும் என்பதால் படிப்படியாக அளவைக் குறைக்கிறார்கள். 'டேப்பர்' என்றால் முதலில் மெழுகுவர்த்தி. நுனி நோக்கி ஒடுங்கும் அதன் வடிவத்திலிருந்து வந்த வினை இது.

பொருளாதாரப் பக்கத்திலும் இதைப் பார்த்திருப்பீர்கள். 2013 மே மாதம் அமெரிக்க மைய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரங்கள் வாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக்கூடும் என்று கோடி காட்டினார். சந்தைகள் பதறிய அந்தக் கதைக்கு 'டேப்பர் டான்ட்ரம்' என்றே பெயர் ('டான்ட்ரம்' என்றால் குழந்தை அடம்பிடித்துக் கத்துவது). அந்த ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. குறைக்கவில்லை, குறைக்கலாம் என்ற பேச்சுக்கே இந்தப் பாடு.

'வேர் அவுட்' வேறு. அது செருப்புத் தேய்ந்து பழசாவது.

செய்தித்தாள் உதவி ஆசிரியர்: 'போராட்டம் பிசுபிசுத்தது' என்பதற்கு 'பீட்டர் அவுட்' போடலாமா, 'ஃபிஸில் அவுட்' போடலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி! 'பிசுபிசுத்தது' என்றால் 'ஃபிஸில் அவுட்' தான். பெரிதாக எதிர்பார்க்க வைத்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது. சப்தமில்லாமல் காற்று விடுவதைத்தான் 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் 'ஃபிஸில்' என்றார்கள். தலைப்பில் போடும்போது அது நினைவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பீட்டர் அவுட்' அப்படி ஏமாற்றுவதல்ல. நன்றாகவே நடந்துகொண்டிருந்தது, சரக்குத் தீர்ந்து அடங்குவது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களின் பேச்சு இது: உலோகக் கொடி மெலிந்துகொண்டே போய்க் காணாமல் போனால் 'பீட்டர் அவுட்'. ஒரு வாரம் மும்முரமாக நடந்து, ஆள் வரத்து குறைந்து முடிந்த போராட்டம் என்றால் இதைப் போடுங்கள். நம் ஊரில் 'பீட்டர் விடுவது' தனிக் கதை, இதில் சேராது.

பள்ளி ஆசிரியர்: 'டை' என்பதோடு அவுட், டவுன், அவே, ஆஃப் என்று பிள்ளைகள் கண்டபடி சேர்க்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இனமோ வழக்கமோ அடியோடு அற்றுப்போனால் 'டை அவுட்': மொரீஷியஸ் தீவின் டோடோ பறவை 17-ஆம் நூற்றாண்டில் போனது அப்படித்தான். காற்று, தீ, கூச்சல் தணிந்தால் 'டை டவுன்', திரும்பக் கிளம்பவும் கிளம்பலாம். ஒலி தேய்ந்து கேட்காமல் போனால் 'டை அவே'. ஒவ்வொன்றாக விழுந்தால் 'டை ஆஃப்'. பேசிக்கொண்டிருப்பவரின் குரல் பாதி வாக்கியத்தில் கரைந்தால் இவை எதுவும் இல்லை, 'டிரெயில் ஆஃப்'.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'விதர் அவே', 'ஃபேஸ் அவுட்' இரண்டும் ஒன்றுபோலவே படுகிறது.

செய்பவர் இருக்கிறாரா என்று பாருங்கள். வர்க்கங்கள் இல்லாத சமுதாயத்தில் அரசு தேவையற்றுத் தானே இல்லாமல் போகும் என்று கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் சொன்னதை ஆங்கிலத்தில் 'விதர் அவே' என்றார்கள். தமிழ் மார்க்சியர்கள் 'உலர்ந்து உதிரும்' என்றார்கள், ஆங்கிலத்தைவிட அழகாகவே இருக்கிறது. ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரோஃபுளூரோகார்பன்கள் உலர்ந்து உதிரவில்லை. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையில் நாடுகள் கூடி, கெடு வைத்து ஒழித்தன. அது 'ஃபேஸ் அவுட்'. கட்டுரையில் மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும்.

இல்லத்தரசி: 'இவாப்பரேட்' என்றால் நீர் மெதுவாக ஆவியாவதுதானே? 'நம்பிக்கை மெல்லத் தேய்ந்தது' என்பதற்கு அதைப் போடலாமா?

போட வேண்டாம். நீருக்கு அது மெதுவாக இருக்கலாம். நம்பிக்கை, ஆதரவு, கோபம் என்று வந்தால் 'இவாப்பரேட்' கிடுகிடுவென்று போவதைக் குறிக்கும். 'வேனிஷ்' அதைவிடச் சட்டென்று. உங்கள் வாக்கியத்துக்கு 'ஹோப் ஃபேடட்' போதும். எண்ணிக்கை குறைவதாக இருந்தால் 'டுவிண்டில்'.