அந்த டேபிளுக்கு பட்டா இருக்கா சார்?

கேள்வி: காந்தி ரோடு பக்கத்துல ஒரே ஓட்டல்லதான் 22 வருஷமா காலைல டிபன் சாப்பிடறேன். ஜன்னலோர டேபிள் என்னோடதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். பெரியவர் போய் அவர் பையன் கல்லால உக்காந்ததுல இருந்து எல்லாம் மாறிப்போச்சு. மாசக் கணக்கு கிடையாதாம், டோக்கன் வாங்கிட்டுதான் உக்காரணுமாம், இட்லிக்கு ஜிஎஸ்டி வேற, போர்டெல்லாம் இந்தியும் பெங்காலியும். போன வாரம் நான் பேப்பர் படிச்சுகினு இருக்கும்போதே ஒரு வெளியூர் குடும்பத்த கூட்டியாந்து "சார் கொஞ்சம் எழுந்துக்கறீங்களா"ன்றான். ரெகுலர் கஸ்டமருக்கு இதான் மரியாதையா? ஓட்டல் பேர போட்டு நல்லா நாலு வார்த்தை எழுதுங்க.
(பேர் வேணாம்னு கேட்டுகிட்ட வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்)

பதில்: எழுதறேன் சார். ஆனா அந்த நாலு வார்த்தை பையனுக்கு இல்ல, உங்களுக்கு.

உங்க லெட்டர் நாலு பக்கம், எடம் இல்லாம சுருக்கிட்டோம். அதுல நீங்களே எழுதியிருக்கீங்க, ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, எட்டு மணிக்கு உக்காந்தா ஒம்போதே கால் வரைக்கும் பேப்பர், எதிர் சேர்ல பைன்னு. டிபன் கடைக்கு ஓட்டமே காலைல ஏழரைலேர்ந்து பத்து வரைக்கும்தான், ஒரு ஆளு வந்து சாப்ட்டு கை கழுவிட்டு கெளம்ப இருபது நிமிஷம் தாராளம், அப்ப நாலு பேர் உக்கார்ற டேபிள்ல நீங்க இருந்த நேரத்துக்கு மூணு பந்தி போயிருக்கணும். பன்னெண்டு பேர் சாப்பிடற எடத்துல நீங்களும் உங்க பையும். இதுல மரியாதை எந்தப் பக்கம் கொறையுதுன்னு நீங்களே சொல்லுங்க.

அந்த குடும்பத்துல ஒரு அம்மாவுக்கு முழங்கை மடிப்புல பஞ்சு வெச்சு பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சுன்னும் எழுதியிருக்கீங்க. வேலூர்க்காரருக்கு நான் சொல்லணுமா இத? சிஎம்சி ஆஸ்பத்திரியில வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு வந்திருக்காங்க சார். சக்கரை டெஸ்ட்டுன்னா சாப்ட்டு கரெக்டா ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி போய் குடுக்கணும், சாப்பிட ஆரம்பிச்சாதான் அந்த ரெண்டு மணி நேரமே ஓட ஆரம்பிக்கும். இட்லி லேட்டானா டெஸ்ட்டு லேட்டு, ரிசல்ட்டு லேட்டு, அன்னிக்கு டாக்டர பாக்க முடியலன்னா லாட்ஜுல இன்னொரு நாள் வாடகை. ராத்திரியிலேர்ந்து பட்டினியா ஃபைல கைல புடிச்சுகினு நிக்கறவங்களுக்கு உங்க பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கம் எப்ப முடியும்னு இன்னா தெரியும்?

பெங்காலி போர்டுக்கு கோவப்படறீங்க. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிதான் இன்னிக்கு சிஎம்சி, கல்கத்தால இருந்தும் ஜார்கண்ட்ல இருந்தும் ரயில் ஏறி காட்பாடியில வந்து எறங்கறாங்கன்னா அதுக்காகத்தான். காந்தி ரோட்ல லாட்ஜு, மெடிக்கல், ஆட்டோ, மெஸ்ஸுன்னு எல்லாமே அவங்க காசுல ஓடுது. நீங்க சாப்ட்ட இட்லி வெல கட்டுப்படியாச்சுன்னா, அதுல பக்கத்து டேபிள்ல மீன் சாப்பாடு தேடி வந்து கெடைக்காம பூரியோட எழுந்து போனவரோட பங்கும் இருக்கு.

ஜிஎஸ்டி சுருக்கமா. 2017 நவம்பர் 15லேர்ந்து நம்ம டிபன் ஓட்டல் மாதிரி கடைங்களுக்கு 5 சதவீதம், ஆனா அவங்க வாங்கற 19 கிலோ கேஸ் சிலிண்டருக்கு கட்டற 18 சதவீதத்த அதுல கழிச்சுக்க முடியாது. அது பையன் கண்டுபிடிச்சது இல்ல. மாசக் கணக்கும் அப்படித்தான், பால்காரனும் காய் மார்க்கெட்டும் அன்னன்னிக்கு காசு கேக்கும்போது 22 வருஷம் உங்களுக்கு வட்டியில்லா கடன் குடுத்திருக்காங்க, அதுக்கு ஒரு தேங்ஸ் லெட்டர்ல எங்கயும் காணோம்.

ஒண்ணுல நான் உங்க பக்கம். எல்லார் முன்னாடியும் எழுந்துக்க சொன்னது தப்பு. பெரியவரா இருந்தா கல்லாவ விட்டு எறங்கி வந்து, தோள்ல கை போட்டு, "சார், உள்ள ஃபேனுக்கு கீழ வாங்க, காத்து நல்லா வரும்"னு பேசிகினே தள்ளிகினு போயிருப்பாரு, பின்னாடியே அரை காபி வந்திருக்கும், உங்கள எழுப்பினதே உங்களுக்கு தெரிஞ்சிருக்காது. பையனுக்கு அந்த வித்தை இன்னும் வரல. வரும்.

நானும் ஒரு கடைக்கு 17 வருஷ ரெகுலர்தான். உக்காந்தா போதும், கேக்காமலே காபி வரும், மாஸ்டர் எனக்குன்னு ஒரு ஸ்பூன் சக்கரை ஜாஸ்தி போடுவாரு, அந்த ஒரு ஸ்பூன்தான் என்னோட மெடல். டாக்டர் சக்கரைய நிறுத்து சொன்னப்புறமும் எட்டு மாசம் அதையே குடிச்சேன், சொன்னா மனுஷன் மனசு கஷ்டப்படுவாருன்னு பயம். (வீட்ல இத படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதறேன்.) கடைசியில ஒரு நாள் மென்னு முழுங்கி சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார், வாய் இல்ல?"ன்னு எல்லார் எதிர்லயும் திட்டிட்டு போனாரு. மறுநாள்லேர்ந்து சக்கரை இல்லாத காபி, அதுவும் கேக்காமதான் வருது.

நீங்களும் எனக்கு நாலு பக்கம் எழுதினீங்களே ஒழிய அந்த பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வெடுக்குனு எழுந்து வந்துட்டு ஒரு வாரமா வேற கடையில சாப்பிடறதா எழுதியிருக்கீங்க, அங்க சாம்பார் நல்லா இல்லன்னும் எழுதியிருக்கீங்க. பத்தரை மணிக்கு மேல போங்க சார். ஓட்டம் அடங்கியிருக்கும், கல்லு சும்மா கெடக்கும், மாஸ்டர் உங்களுக்குன்னு முறுகலா ஒண்ணு ஊத்துவாரு, ஜன்னலோரம் காலியா இருக்கும், பேப்பர ராசி பலன் வரைக்கும் படிக்கலாம். பையன பேர் சொல்லி கூப்ட்டு "அன்னிக்கு அப்படி எழுப்பிட்டியேப்பா"ன்னு நேரா கேளுங்க, 22 வருஷம் போனவருக்கு அத கேக்க உரிமை இருக்கு.

ஓட்டல் பேர மட்டும் போட மாட்டேன். உங்க லெட்டர்ல கெட்டி சட்னிய பத்தி ஒரு பாரா எழுதியிருக்கீங்க, அதோட பேரையும் சேத்து போட்டா ஞாயித்துக்கிழமை சத்துவாச்சாரியில இருந்து பாகாயம் வரைக்கும் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க, அப்புறம் உங்களுக்கு பத்தரைக்கும் எடம் கெடைக்காது.