கட்டிங்குக்கு மேல எச்சா எவ்வளவு குடுக்கறதுங்க?

கேள்வி: ஏனுங்க, எனக்கு சொந்த ஊரு அன்னூர் பக்கம், இப்ப சரவணம்பட்டில ஐடி வேலை. ஊர்ல கேட்ட காசக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துருவோம். இங்க ஏசி சலூன்ல 250 ரூபா பில்லு, வெட்டி முடிச்ச தம்பி துண்ட உதறிட்டு பக்கத்துலயே நிக்கறாப்ல. எவ்வளவு குடுக்கறது? குடுக்காட்டி அடுத்த தடவ காதுல கத்திரி பட்டுருமோன்னு வேற இருக்குது.

பதில்: காதெல்லாம் பத்தரமா இருக்கும், பயப்படாதீங்க. மொதல்ல ஒன்னு பாருங்க, கத்திரி புடிக்கறவரும் கல்லால காசு வாங்கறவரும் ஒரே ஆளா, வேற வேற ஆளா. ஓனரே வெட்டி விட்டாருன்னா டிப்ஸே தேவையில்லைங்க, ரேட்டு அவரு போட்டது, லாபமும் அதுலயே இருக்குது, "போன மாசம் 20 ரூபா கம்மியா இருந்துச்சே"ன்னு இழுக்காம குடுத்தீங்கன்னா அதுவே போதும். சம்பள ஆளா இருந்தாத்தான் கதை வேற. பல கடைல கம்மி சம்பளம், அதுக்கு மேல கமிஷன், இல்லாட்டி வெட்டுன காசுல ஓனருக்குப் பாதி ஆளுக்குப் பாதின்னு ஓடுது. அப்படி ஆளுக்கு 20, 30 ரூபா தாராளம். தாடி ட்ரிம் பண்ணி, தலைக்கு எண்ணெய் வெச்சு கால் மணி நேரம் நல்லா அமுக்கி விட்டாருன்னா 50 குடுங்க. வெட்டுனது புடிக்கலைன்னா குடுக்காதீங்க, ஆனா சேர்ல உக்காந்திருக்கறப்ப "சைடு இன்னும் கொஞ்சம் குறைங்க"ன்னு சொல்லாம வாய மூடிட்டு இருந்துட்டு வெளிய வந்து மூஞ்சியத் தூக்கறது நாயமில்ல.

நெறைய பேரு கோட்டை விடற எடம் ஜிபே தானுங்க. 250-க்கு பதிலா 280 போட்டுட்டு "தம்பிக்கும் சேத்துப் போட்டிருக்கேன்"னு பெருமையா சொல்லிட்டுப் போவாங்க, கல்லாப் பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் பொட்டி 280 ரூபா வந்துருச்சுன்னு கத்தும், அந்த முப்பதும் ஓனர் அக்கவுண்ட்ல போய் உக்காந்துக்கும். ராத்திரி கணக்கு முடிக்கறப்ப ஞாபகமா எடுத்துக் குடுக்கற ஓனரும் இருக்காங்க, மறந்தாப்ல இருக்கறவங்களும் இருக்காங்க. அதனால ஜோப்புல ரெண்டு பத்து ரூபா நோட்டு வெச்சுக்குங்க, இல்லாட்டி தம்பியோட சொந்த க்யூஆரக் கேட்டு அதுல போடுங்க. திருப்பூர்ல சனிக்கெழம சம்பளம் வாங்குன கூட்டம் பூராம் ஞாயித்துக்கெழம காலைல சலூன்லதான் இருக்கும், அன்னிக்கு மூணு மணி வரைக்கும் சோறு திங்காம நின்னுட்டே வெட்டற பசங்களுக்கு ஒரு பத்து ரூபா எச்சாக் குடுத்தா நம்ம சொத்து ஒன்னும் கொறஞ்சராது.

கேள்வி: ஈரோட்டுல ஒரு பார்லர்ல ஹேர் கலரிங் பண்ணுனேன். தலை அலசுனது ஒரு புள்ள, கலர் போட்டது ஒருத்தரு, ட்ரையர் புடிச்சது இன்னொரு புள்ள. பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு 10 சதவீதம், அதுக்கும் மேல ஜிஎஸ்டி 18. இத்தனைக்கு மேல டிப்ஸ் வேறயா?

பதில்: டிப்ஸ விடுங்க, மொதல்ல அந்த பில்ல எடுத்துப் பாருங்க. சலூன், பார்லருக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 சதவீதம் ஆயிருச்சுங்க, 2025 செப்டம்பர் 22-லிருந்து. அதுக்குப் பொறவு போட்ட பில்லுன்னா 18 தப்பு. அப்பறம் பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இருக்குதான்னு பாருங்க, வருசத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வரவு இருக்கற கடை பதிவே பண்ண வேண்டியதில்ல, நம்பர் இல்லாத கடை உங்ககிட்ட ஜிஎஸ்டின்னு ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது.

சர்வீஸ் சார்ஜ் விசயம் இப்படி: 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஹோட்டல், ரெஸ்டாரண்ட் பில்லுல சர்வீஸ் சார்ஜ தானா சேக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட்டும் அது சரிதான்னுருச்சு. அதுல சலூன் பேரு இல்லைங்கறது நெசந்தான். ஆனா உக்கார்றதுக்கு முன்னால சொல்லாம, ரேட் கார்டுலயும் போடாம கடைசில சேத்தா, "இத எடுத்துருங்க"ன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்குதுங்க. எடுக்கலைன்னா 1915-க்குப் போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம். அந்த 10 சதவீதம் வேலை செஞ்ச புள்ளைங்களுக்குப் போகுதான்னும் ரிசப்ஷன்லயே கேளுங்க, முழிக்கற முழிலயே தெரிஞ்சுரும்.

அதையெல்லாம் எடுத்தப்பறம் மனசிருந்தா தலை அலசி விட்ட புள்ள கைல 30 ரூபா குடுங்க. அனேகமா அதுதான் புதுசா வேலை பழகற புள்ளையா இருக்கும், சம்பளமும் கம்மி, நாள் பூராம் ஷாம்பு தண்ணில நின்னு விரலெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். கலர் போட்டவருக்கு 100. ட்ரையர் புடிச்ச புள்ளைக்கு 20, 30.

கேள்வி: கோபிப் பக்கம் கிராமம். எங்கய்யன் படுத்த படுக்கைங்க. ஊட்டுக்கே வந்து வெட்டி சவரம் பண்ணி விடறாரு ஒரு அண்ணன். காசு கேட்டா "நீங்க குடுக்கறதக் குடுங்க"ங்கறாரு. என்ன குடுத்தா மொறை?

பதில்: "குடுக்கறதக் குடுங்க"ன்னு அவரு சொல்றாருன்னா நீங்க அதைப் புடிச்சுக்கக் கூடாதுங்க, ரேட்டப் பேசி முடிச்சுருங்க. கடைல கட்டிங்கும் சேவிங்கும் என்ன ஆகுமோ அதுல ரெண்டு மடங்கு, அதுக்கு மேல பெட்ரோல் காசு. படுத்திருக்கற ஆளுக்கு வெட்டறது சாமானியப்பட்ட வேலையில்ல, ஒரு கைல தலையத் தாங்கிட்டு, முடி தலகாணில கொட்டாம கீழ துணி விரிச்சு, சுருங்குன தோல இழுத்துப் புடிச்சு பிளேடு ஓட்டோணும், அந்த நேரத்துல அவரு கடைல ரெண்டு மூணு கஸ்டமரு திரும்பிப் போயிருப்பாங்க. இது டிப்ஸே இல்லைங்க, கூலி. பிளேடு புதுசா உங்க கண்ணு முன்னால பிரிச்சுப் போடச் சொல்லுங்க, அதுல சங்கடப்பட ஒன்னுமில்ல.

நம்ம பக்கம் முன்னால முடி வெட்டறவங்களுக்கு வருசக் கூலியா களத்துல தானியம் அளந்து விடுவாங்க, கண்ணாலத்துல மாப்பளைக்கு சவரம் பண்றதுல இருந்து மங்கல வாழ்த்துப் பாடற வரைக்கும் அவங்கதான். பாடறப்ப மட்டும் கும்புட்டுட்டு மத்த நாள்ல அப்பன் வயசு மனுசன "வாடா போடா"ன்னு கூப்பிடற ஆளுங்கள நானும் பாத்திருக்கேன், நோம்பிக்கு நோம்பி 500 ரூபா நீட்டுனா அது சரியாப் போயிருமா? நீங்க அண்ணன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோசம். தீவாளிக்கு ஒரு மாசக் கூலிய எச்சாக் குடுங்க, வந்தா திண்ணைல நிக்க விடாம உள்ள உக்கார வெச்சு ஒரு காப்பி.

கேள்வி: கோயில்ல கொழந்தைக்கு மொட்டை போட்டோம், டிக்கெட் இலவசம்னு போர்டு இருக்குது, பாதி மொட்டைல நிறுத்திட்டு 300 கேட்டாங்க. இதுவும் டிப்ஸ் கணக்குதானா?

பதில்: இல்லவே இல்லைங்க. அறநிலையத்துறை கோயில்கள்ல 2021 செப்டம்பர்ல இருந்து மொட்டைக்குக் கட்டணம் கெடையாது, மொட்டை போடறவங்களுக்கு மாசம் 5,000 ரூபா ஊக்கத்தொகைன்னு அரசாங்கம் அப்பவே அறிவிச்சுது. 5,000-த்துல குடும்பம் ஓடாதுங்கறதும் நெசம், அதனால பிரியப்பட்டு 50 குடுக்கறது நல்லதுதான். ஆனா பாதித் தலைய வெச்சுட்டுக் கேக்கறது வசூல். அடுத்த தடவ நடந்தா அங்கயே சண்டை போடாதீங்க, கத்தி கொழந்த தலைமேல இருக்குது. முடிச்சுட்டு நேரா செயல் அலுவலர் ஆபீசுல எழுதிக் குடுங்க.

கேள்வி: பையன் அமெரிக்கால இருக்கான், மூணு மாசம் போறோம். அங்க கட்டிங்குக்கு டிப்ஸ் கட்டாயமாமே?

பதில்: சட்டப்படி கட்டாயமில்ல, ஆனா வழக்கத்துல கட்டாயம் மாதிரிதான், 15-ல இருந்து 20 சதவீதம். 30 டாலர் கட்டிங்குன்னா 5, 6 டாலர். காசு கட்டற ஸ்கிரீன்லயே 18, 20, 25-னு பட்டன் வந்து நிக்கும், வேற தொகை போடவும் அதுலயே எடம் இருக்கும், பதறிட்டுப் பெருசா அமுக்கீராதீங்க. ரூபால பெருக்கிப் பாத்தா நெஞ்சு அடைக்கும், அதனால கெளம்பறதுக்கு மொத நாள் இங்கயே நல்லா ஒட்ட வெட்டிட்டுப் போங்க. செவ்வாக்கெழம கடை லீவுங்கறத மட்டும் பாத்துக்குங்க.