பக்கத்தில் போட்டாயிற்று, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?

பள்ளியும் சமூக ஊடகமும் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் ஆசிரியர்கள் அனுப்பியவையும் உண்டு, பெற்றோர் அனுப்பியவையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பல கடிதங்களில் இரு தரப்பும் குறைசொல்வது ஒரே வாட்ஸ்அப் குழுவைத்தான்.

எங்கள் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தை இரண்டாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். தேர்வுத் தேதி மாறியதை முன்கூட்டியே அதில் போட்டோம். அப்படியும் பெற்றோர் பலர் "தெரியவே தெரியாது" என்கிறார்கள். பொய்தானே?
– தலைமையாசிரியர்

பொய்யில்லை. பின்தொடர்கிறவர் எல்லாருக்கும் உங்கள் பதிவு கண்ணில் படும் என்று நீங்கள் நம்பியதில்தான் கோளாறு. எதை, யாருக்கு, எப்போது காட்டுவது என்பதை ஃபேஸ்புக்கின் அல்காரிதம் முடிவுசெய்கிறது. நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவதற்கே இனி முன்னுரிமை, பக்கங்கள் போடுவது பின்னால் போகும் என்று 2018 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது. பதிவுகள் தேதி வரிசைப்படியும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்ற அறிவிப்பு சிலருக்கு வியாழக்கிழமை வந்து நிற்கும்.

அதனால் வேலையைப் பிரியுங்கள். ஒரு குடும்பம் தெரிந்தே ஆகவேண்டியவை சில உண்டு: தேதி மாற்றம், திடீர் விடுமுறை, தொற்றுநோய் எச்சரிக்கை, பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்ற தகவல். இவை குறுஞ்செய்தியாகவோ அழைப்பாகவோ தாளாகவோ நேரே அந்த வீட்டுக்குப் போகவேண்டும். பக்கம் ஊருக்கானது. கண்காட்சிக்கு வாருங்கள், நூலகத்துக்குப் புத்தகம் கொடுங்கள், பழைய மாணவர்கள் வந்து உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

நேரே போகும் செய்திக்கு என்ன பலம் என்பதற்கு ஓர் ஆய்வு சொல்கிறேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் நடந்தது. பிள்ளை வகுப்பைத் தவறவிட்டாலோ, வீட்டுப்பாடம் கொடுக்காவிட்டாலோ, மதிப்பெண் சரிந்தாலோ பெற்றோருக்குத் தானாக ஒரு குறுஞ்செய்தி போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. வகுப்பு வருகை 12 சதவீதம் கூடியது. பாடங்களில் தோல்வி நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. படம் கிடையாது, வீடியோ கிடையாது, லைக் போட இடமும் கிடையாது.

என் மகளின் படத்தை வெளியிடக் கூடாது என்று படிவத்தில் எழுதிக்கொடுத்திருந்தேன். விழாப் படங்களில் அவள் முன்வரிசையில் நிற்கிறாள். கீழே முழுப்பெயர், வகுப்பு எல்லாம் இருக்கிறது. கேட்டால் "மற்ற பெற்றோரெல்லாம் சந்தோஷப்படுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன?" என்கிறார்கள்.
– ஒரு தாய்

உங்களுக்கு முதலில். எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பதிவு, எந்தத் தேதி, எதை நீக்கவேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதே படம் இன்ஸ்டாகிராமிலும் பள்ளி இணையதளத்திலும் ஆசிரியர்களின் ஸ்டேட்டஸிலும் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஓரிடத்தில் எடுத்துவிட்டு "முடிந்தது" என்று சொல்ல விடாதீர்கள். காரணம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கொடுமைக்காரக் கணவருக்குத் தெரியாமல் வேறு ஊரில் பிள்ளையோடு வாழும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையைப் பள்ளி அலுவலகத்தில் நின்று ஒப்பித்தால்தான் படம் நீங்கும் என்றால், அது கேவலம்.

இனிப் பள்ளிகளுக்கு. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கப் பள்ளிகள் 2005 முதல் 2020 வரை ஃபேஸ்புக்கில் போட்ட ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பொதுப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. அடையாளம் காணக்கூடிய மாணவர் படங்கள் சுமார் 49 லட்சம் பதிவுகளில் இருக்கும் என்று கணித்தது. முழுப்பெயரோடு வந்த பதிவுகள் மட்டுமே லட்சக்கணக்கில். இவற்றைப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பள்ளி எது என்று பக்கத்தின் பெயரே சொல்லிவிடுகிறது, சீருடையும் சொல்லும். முகமும் பெயரும் சேர்ந்துவிட்டால், அந்தப் பிள்ளை காலையில் எந்த வாசலில் நிற்கும் என்று முன்பின் தெரியாதவருக்கும் தெரிந்துவிடுகிறது.

நான் வற்புறுத்தும் விதி சின்னது: முகம் போட்டால் பெயர் வேண்டாம், பெயர் போட்டால் முகம் வேண்டாம். பரிசு வாங்கிய பிள்ளைக்கு இரண்டும் வேண்டுமென்று பெற்றோரே கேட்டால், அந்த ஒரு படத்துக்குத் தனியாக ஒப்புதல் வாங்குங்கள். பின்னணியையும் பாருங்கள். சட்டையில் குத்திய பெயரட்டை, கரும்பலகையில் வருகைப் பட்டியல், வண்டியின் வழித்தட எண், ஏன், கோப்புக்கு வைத்த பெயர்கூடக் காட்டிக்கொடுக்கும். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் அப்படியே கூடப்போகும்.

சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் வைத்து "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்று வாங்குவதைச் சம்மதம் என்று நான் ஒப்புவதில்லை. பள்ளிச் சுவருக்கு ஒன்று, வகுப்புக் குழுவுக்கு ஒன்று, பொதுவெளிக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கேளுங்கள், ஆண்டுதோறும் கேளுங்கள். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்கவேண்டும் என்று 2018 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டம் சொல்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் எதுவானாலும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் படிவம் தயாரித்தால் பெரும்பாலும் தப்பு வராது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். படம் எடுக்கும் நேரத்தில் "நீ மட்டும் தள்ளி நில்" என்று ஒரு பிள்ளையை ஒதுக்காதீர்கள். முகத்தின் மேல் மஞ்சள் பொம்மை ஒட்டுவதும் அதே அவமானம்தான். எல்லாப் பிள்ளைகளையும் பின்னாலிருந்து எடுங்கள், கைகளை எடுங்கள், அவர்கள் செய்த மாதிரிப் பொருளை எடுங்கள். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மா சரியென்று சொன்ன படத்தை வேண்டாமென்று சொல்லும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிறைய.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தேன். காலை வணக்கப் படங்கள், ஃபார்வர்டுகள், இரவு பதினொன்றுக்கு "நாளைக்கு என்ன பாடம் டீச்சர்?" தாங்கவில்லை. மூடிவிடலாமா?
– வகுப்பாசிரியை

மூடவேண்டாம். "அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்ற அமைப்பு 2018-இலேயே வந்துவிட்டது, அதைப் போடுங்கள். பாதிச் சத்தம் அன்றே அடங்கும். ஆனால் அத்தோடு விட்டால் பெற்றோரின் வாயைக் கட்டியதாகத்தான் ஆகும். கேள்வி கேட்க ஓர் எண், பதில் வரும் நேரம், இரண்டையும் குழுவின் விவரப் பகுதியில் எழுதிவையுங்கள். "பள்ளி நாளில் மாலை நான்கு முதல் ஐந்து வரை பதில் சொல்வேன்" என்று எழுதிவிட்டால் பதினொரு மணிச் செய்திக்கு மறுநாள் பதில் சொல்வது மரியாதைக்குறைவு ஆகாது. ஆனால் நீங்களே ஒருநாள் பத்தரைக்குப் பதில் போட்டீர்களானால் அந்த விதி அன்றோடு செத்தது.

பலர் யோசிக்காத ஒன்று: குழுவில் சேர்ந்தவர் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். அது எல்லாருக்கும் உவப்பாக இருக்காது. பெண்களுக்கு வேண்டாத அழைப்பு வரத் தொடங்குவதும் உண்டு. பள்ளி முழுமைக்குமான அறிவிப்புக்கு 2023-இல் வந்த சேனல் வசதி மேல். பின்தொடர்கிறவர் எண் மற்றவருக்குத் தெரியாது. திருப்பி எழுதவும் முடியாது. ஆனால் சேனல் பொதுவெளி, யாரும் எட்டிப்பார்க்கலாம். ஒரு பிள்ளையைப் பற்றிய எதையும் அங்கே போடக் கூடாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்ற பழைய வழியும் உண்டு. பெற்றோர் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான்.

மதிப்பெண், கட்டண பாக்கி, நடத்தை பற்றிய புகார் ஆகியவை எந்தக் குழுவிலும் வரக் கூடாது. "இன்னும் கட்டாதவர்கள்" என்று பட்டியல் போடும் பள்ளிகள் இருக்கின்றன என்று மூன்று கடிதங்கள் சொல்கின்றன. அது வசூல் செய்வதல்ல, ஊர் முன்னால் நிறுத்தி வைப்பது.

மாணவர்கள் எனக்கு ஃபிரண்ட் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள். மறுத்தால் வருத்தப்படுகிறார்கள்.
– இளம் ஆசிரியர்

வருத்தப்படட்டும். மறுங்கள், வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகக் காரணம் சொல்லுங்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஃபேஸ்புக்கில் கணக்கே கூடாது என்பது அந்த நிறுவனத்தின் சொந்த விதி. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் பெரிய சமூக ஊடகங்களில் 16 வயது நிரம்பும்வரை கணக்கு வைத்திருக்க முடியாது.

ஒரு தந்தை எங்கள் பக்கத்தில் ஆசிரியை ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டி எழுதியிருக்கிறார். நீக்கினால் "மறைக்கிறார்கள்" என்பார். விட்டால் ஊரே படிக்கும்.
– பள்ளிப் பக்கத்தைக் கவனிக்கும் அலுவலர்

பக்கத்தில் என்ன எழுதலாம், எதை நீக்குவோம் என்று முன்பே ஒரு விதி போட்டிருந்தீர்களா? இருந்தால் அதன்படி நீக்குங்கள். எந்த விதியின்கீழ் என்று அவருக்குத் தனியாக எழுதுங்கள். இல்லையென்றால், வசவும் மிரட்டலும் இருந்தாலொழிய நீக்காதீர்கள். விதியை இன்றைக்கு எழுதி, நாளை முதல் நடைமுறைப்படுத்துங்கள்.

பதில் ஒரே ஒருமுறை, இரண்டே வரி: "உங்கள் குறையைப் பார்த்தோம். இன்று தொலைபேசியில் அழைக்கிறோம்." சொன்னபடி அன்றே அழையுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் பள்ளியில் படிக்கிறதா, எந்த வகுப்பு, என்ன நடந்தது என்று எதையும் பொதுவில் உறுதிசெய்யாதீர்கள். தந்தையே எல்லாவற்றையும் கொட்டியிருந்தாலும் சரி. ஆசிரியைக்கு ஆதரவாக மற்ற ஆசிரியர்கள் இறங்கிப் பதில் எழுதுவதையும் நிறுத்துங்கள். அங்கிருந்துதான் தெருச்சண்டை ஆரம்பிக்கும்.

அவர் ஏன் அங்கே எழுதினார் என்பதையும் விசாரியுங்கள். அலுவலகத்துக்கு அழைத்து யாரும் எடுக்காமல் போனவர்தான் பெரும்பாலும் பக்கத்துக்கு வருகிறார்.

எங்கள் பெற்றோரில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. சில வீடுகளில் ஒரே போன், அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இவர்களுக்குச் சமூக ஊடகம் எதற்கு?
– தொடக்கப்பள்ளி ஆசிரியர்

அரை நிமிடக் குரல் செய்தி. வாசிக்கத் தெரியாதவருக்கு அதுதான் கடிதம். முதல் வாக்கியத்திலேயே சேதி வந்துவிடவேண்டும். "அன்பார்ந்த பெற்றோர்களே" என்று இழுக்கவேண்டாம். வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பங்களுக்கு அந்த மொழி பேசும் இன்னொரு பெற்றோரைக் கொண்டு பதிவுசெய்யுங்கள். மனமுவந்து செய்வார்கள், பள்ளியோடு அவர்களுக்கும் ஓர் உறவு ஏற்படும்.

போஸ்டர் மோகத்தை விடுங்கள். வண்ணப் படத்துக்குள் எழுத்தைப் பதித்து அனுப்பினால் பார்வையற்ற பெற்றோரின் போன் பெரும்பாலும் அதைப் படித்துக் காட்டாது; மொழிபெயர்ப்புக்கு நகலெடுக்கவும் வழியிருக்காது. அதே சேதியைப் படத்தின் கீழே வெறும் எழுத்தாகவும் போடுங்கள்.

ஒரே போன் உள்ள வீட்டுக்கு எண் ஒன்றுதான் என்று விடாதீர்கள். பாட்டி, அத்தை, பக்கத்து வீடு என்று அம்மா நம்பும் இன்னோர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையா? பிள்ளையின் நோட்டில் ஒட்டிய தாள் இன்றும் வேலைசெய்கிறது.

நாளுக்கு எத்தனை பதிவு போடவேண்டும்?
– பெயர் வேண்டாம்

சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் வேண்டாம். லைக்கை எண்ணுவதை விட்டு, பதிவைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று எண்ணுங்கள்.

பிள்ளைகள் ஆடிய வீடியோவைப் போட்டோம். சத்தம் இல்லாமல் ஓடுகிறது.
– நடன ஆசிரியை

பாட்டின் உரிமையாளர் காரணம். பள்ளிக் கணக்கு வணிகக் கணக்காக இருந்தால் பிரபலமான பாடல்களுக்கு உரிமம் பெரும்பாலும் கிடையாது. பிள்ளைகளையே பாடவைத்துப் பதிவுசெய்யலாம். ஆனால் பாட்டு பழைய நாட்டுப்புறப் பாட்டாகவோ நீங்களே கட்டியதாகவோ இருக்கட்டும்.

எங்கள் பக்கத்தைத் தொடங்கிய ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். கடவுச்சொல் யாரிடமும் இல்லை. பக்கம் அப்படியே நிற்கிறது.
– துணைத் தலைமையாசிரியர்

முதலில் அவரிடமே கேளுங்கள், சுமுகமாக. பக்கம் அவருடைய சொந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அவர் இன்னொருவரை அட்மின் ஆக்கினால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடியும். அது நடக்காவிட்டால் பள்ளியின் ஆவணங்களோடு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம், நாளாகும். புதிதாகத் தொடங்கினால் புது முகவரியைப் பள்ளி வாசலிலும் இணையதளத்திலும் ஒட்டுங்கள், பழையது இனி பள்ளியுடையதல்ல என்றும் சேர்த்து. இம்முறை பணியில் இருக்கும் இரண்டு பேர் அட்மின் ஆகட்டும், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இருக்கட்டும். வேலையை விட்டுப் போகிறவர் சாவிக்கொத்தைத் திருப்பித்தரும் படிவத்தில் பள்ளிக் கணக்குகளுக்கும் ஒரு வரி சேருங்கள்.