டிவி இல்லாத வீட்டுக்கு டிவி கட்டணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படிக்கிறேன். இரண்டு நண்பர்களுடன் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லி மூவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் டிவியும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. தூர்தர்ஷனுக்காக நம் ஊரில் யாரும் வீட்டுக்கு வீடு வசூலிப்பதில்லையே! தனியார் சேனல்கள் விளம்பரத்திலேயே ஓடும்போது அரசாங்க டிவிக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும்? கடிதத்தைக் குப்பையில் போடு என்கிறான் நண்பன். போடலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

போடாதீர்கள். நகராட்சியில் முகவரி பதிந்தீர்கள் அல்லவா, அந்தத் தகவல் கொலோனில் உள்ள வசூல் மையத்துக்கு (பைட்ராக்ஸ்சர்வீஸ்) தானாகவே போய்விடும். பதில் வராவிட்டால் குடியேறிய மாதத்திலிருந்தே உங்களைப் பதிந்து பாக்கி போடுவார்கள். பிறகு பாக்கித் தொகையை நிர்ணயிக்கும் ஆணை வரும். அதில் பாக்கியில் ஒரு சதவீதம், குறைந்தது 8 யூரோ, தாமதக் கட்டணமாகச் சேரும். ஆணையை எதிர்க்க ஒரு மாதம் அவகாசம் உண்டு, ஆனால் எதிர்த்தாலும் பணம் கட்டுவது நிற்காது. அதையும் கண்டுகொள்ளாவிட்டால் ஜப்தி, வங்கிக் கணக்கு முடக்கம் வரை போகும்.

2013 ஜனவரியிலிருந்து கட்டணம் கருவிக்கு இல்லை, வீட்டுக்கு. அதற்கு முன்பு டிவி இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்க்க ஆள் வருவார்கள். இப்போது டிவி இல்லை என்ற வாதம் எடுபடாது. அதே சமயம், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம்தான். ஒருவர் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். அவருக்குக் கிடைக்கும் ஒன்பது இலக்க எண்ணையும் பெயரையும் மற்ற இருவரும் பதிலில் எழுதினால் அவர்கள் கணக்கு மூடப்படும். தலைக்கு 6.12 யூரோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08 கட்ட வேண்டும்.

சிக்கல் பிறகுதான் வரும். பெயர் கொடுத்தவர் வீடு மாறிப் போய்த் தன் கணக்கை மூடிவிடுவார். மீதிப்பேர் கட்டிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருப்பார்கள், பாக்கியோடு கடிதம் வந்த பிறகுதான் விழிப்பார்கள். அவர் கிளம்பும் மாதமே இன்னொருவர் பெயரில் பதிந்துவிடுங்கள். மாணவர் விடுதியில் கணக்கு வேறு: பொது நடைபாதையிலிருந்து நேராக நுழையும் அறை தனி வீடாகவே கருதப்படும்.

மாணவர் என்பதற்காக மட்டும் விலக்கு கிடையாது. பாஃபெக் என்ற அரசுக் கல்வி உதவித்தொகை வாங்கிப் பெற்றோரைப் பிரிந்து வாழ்பவர்களுக்கு உண்டு. வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தொகையே கிடைப்பதில்லை. பதிவதற்கோ முகவரி மாற்றுவதற்கோ எந்த இணையதளமாவது சேவைக் கட்டணம் கேட்டால் அது அதிகாரபூர்வமானது அல்ல.

அரசாங்க டிவி என்கிறீர்களே, அப்படி ஒன்று வரக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நாஜிகள் ரேடியோவை என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்கள் போருக்குப் பின் ஒளிபரப்பை மாநிலங்களிடம் கொடுத்தார்கள். அந்த மாநில நிறுவனங்கள் 1950-இல் சேர்ந்ததுதான் ஏ.ஆர்.டி. அன்றைய பிரதமர் அடெனாவர் மத்திய அரசின் பிடியில் இன்னொரு டிவியைத் தொடங்கப் பார்த்தார். 1961 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடுத்தது. மாநிலங்கள் கூடி இசட்.டி.எஃப்.பைத் தொடங்கின, 1963 ஏப்ரலில் ஒளிபரப்பு ஆரம்பித்தது. அரசியல்வாதிகள் அதோடு விட்டுவிடவில்லை. இசட்.டி.எஃப். மேற்பார்வைக் குழுக்களில் கட்சிக்காரர்களும் அரசு ஆட்களும் நிரம்பி வழிந்ததால், அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014-இல் நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியிருந்தது.

தனியார் வந்தது 1984 ஜனவரியில். பின்னாளில் சாட் 1 ஆன சேனல் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரின் கேபிள் சோதனைத் திட்டத்திலும், ஆர்.டி.எல். மறுநாள் லக்ஸம்பர்க்கிலிருந்தும் தொடங்கின. இந்தக் கட்டணத்தில் நடக்கும் ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். போன்ற பொது நிறுவனங்கள் எல்லாருக்கும் எல்லா வகை நிகழ்ச்சியும் தருவது உறுதியாக இருக்கும்வரை தனியாரிடம் அதே அளவு எதிர்பார்க்கத் தேவையில்லை என்று 1986-இல் நீதிமன்றம் சொன்னது. விளம்பரத்திலேயே ஓடும் சேனல்களுக்கு அந்தச் சலுகை கிடைத்ததே நீங்கள் கட்டும் பணத்தால்தான். அவற்றை மேற்பார்வை செய்யும் மாநில ஆணையங்களும் உங்கள் 18.36-இல் சுமார் 35 சென்ட்டில்தான் நடக்கின்றன!

வித்தியாசம் இரவு எட்டு மணிக்குத் தெரியும். ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். முதன்மைச் சேனல்களில் வேலை நாட்களில் சராசரியாக 20 நிமிட விளம்பரமே அனுமதி. எட்டு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அறவே கிடையாது. எட்டு மணிச் செய்திக்குப் பின் வரும் படம் இடைவேளை இல்லாமல் ஓடும். ஆர்.டி.எல்.லில் அதே படத்தை வெட்டி வெட்டித்தான் பார்க்க வேண்டும். சாட்டிலைட்டில் பொதுச் சேனல்களின் எச்.டி. இலவசம், பெரிய தனியார் சேனல்களின் எச்.டி.க்குத் தனிச் சந்தா.

ஒளிபரப்புக் கட்டணத் தொகையை முடிவு செய்வதில் அரசியல் இல்லாமல் இல்லை. 16 பேர் கொண்ட நிபுணர் குழு பரிந்துரைக்கும், எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். 2020-இல் சாக்சன்-அன்ஹால்ட் மாநிலம் மட்டும் இழுத்தடித்து 17.50-லிருந்து 18.36 ஆவதை நிறுத்தியது. நீதிமன்றம்தான் 2021-இல் நடைமுறைப்படுத்தியது. எனக்கு இதில் உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு: தனியாளாக வாழும் கடைச் சிப்பந்தியும் மாளிகைக்காரரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். வருமானத்தைப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

நம் ஊரிலும் ரேடியோவுக்கும் டிவிக்கும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு, உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பும்போது நகராட்சியில் பதிவை நீக்கினால் இந்தக் கணக்கும் மூடிவிடும் என்று நினைக்காதீர்கள். பதிவு நீக்கச் சான்றை இணைத்து, வெளிநாட்டுக்கு நிரந்தரமாகப் போகிறேன் என்று வசூல் மையத்துக்குத் தனியாக எழுத வேண்டும். நண்பர்கள் அந்த வீட்டிலேயே தொடர்ந்தால், அதற்கு முன்பே அவர்களில் ஒருவர் பெயரில் கணக்கு இருக்கட்டும்.