மறுமொழி: 1747-ல் கிளைவைத் தளபதி ஆக்கலாமா?

உங்கள் நாடகத்தில் 1747-ல் இங்கிலாந்து மன்னரின் ஆணை வந்து, ராபர்ட் கிளைவ் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டைக்குத் தளபதியாகிறாரே, அந்தக் காட்சி நிற்காது.

1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. அங்கிருந்து தப்பி வந்த எழுத்தர்களில் ஒருவர்தான் கிளைவ். 1747-ல் அவருக்குக் கிடைத்தது என்சைன் பதவி. அதிகாரிகளில் கடைசிப் படி அது. கொடுத்ததும் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி), மன்னர் அல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள்: ஒரே பதவியில் இருந்தாலும் மன்னர் படை அதிகாரிக்குக் கும்பினி அதிகாரி கீழ்தான். பூசலுக்கு நல்ல தீனி.

தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். மன்னர் படையில் அனுபவப்பட்டவரைக் கும்பினி மேஜராக அமர்த்தி அனுப்பியது. 1748 ஜனவரியில் வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து கப்பல் வரவே ஆறு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே 'சென்னை போச்சு, உடனே ஆள் வந்தது' என்று எழுத முடியாது. அந்த இடைவெளியில் கோட்டையை நடத்தியது வணிகர் கவுன்சில்.

உச்சக்காட்சிக்கு 1748 ஜூன் இருக்கிறது. கடலூரிலிருந்து பீரங்கிகளைக் கோட்டைக்கு இழுப்பதுபோல் பகலில் காட்டி, இருட்டியதும் திருப்பிக் கொண்டுவந்தார் லாரன்ஸ். ஊர் காலி என்று நம்பி வந்த பிரெஞ்சுப் படை அடிபட்டு ஓடியது.

தேதிகளில் கவனம். 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டி; பிரெஞ்சுக் குறிப்புகளில் தேதி 11 நாள் கூடுதலாக இருக்கும். சென்னை வீழ்ந்தது ஆங்கிலேயருக்கு செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு 21.