இல்லாத மோட்டாருக்கு 6,000 ரூபாயா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்குக் காசிமேடு. கல்யாண ஆர்டர், விடியற்காலை மீன் ஏலம் என்று நிக்கான் டி5600-இல் படம் எடுக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த மாமா, தன்னுடைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை எனக்குக் கொடுத்தார். மாட்டினால் ஆட்டோஃபோகஸ் அசையவே இல்லை. என்னிடம் இருக்கும் 18-140 ஜூமும் இரண்டு மாதமாக முன்னும் பின்னும் அலைகிறது, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. கடையில் காட்டினேன். "பாடியில் ஃபோகஸ் மோட்டார் போய்விட்டது, அதனால்தான் இரண்டு லென்ஸும் தகராறு. மாற்ற 6,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டாரே கிடையாது. இல்லாத ஒன்று எப்படிப் போகும்? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கல்யாண ஆர்டரில் சேர்த்த பணம் அது.

மாமாவின் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைப் பாருங்கள். உலோக வளையத்தின் ஓரத்தில், நடுவே கோடு போட்ட திருகாணித் தலை மாதிரி ஒன்று தெரியும். பாடிக்குள் இருக்கும் மோட்டார், ஸ்க்ரூடிரைவர் முனை போன்ற ஒரு தண்டை நீட்டி அந்தக் கோட்டில் செருகிச் சுற்றினால்தான் இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகும். இப்போது உங்கள் பாடியின் வளையத்தைப் பாருங்கள். அந்தத் தண்டு இருக்காது. 2006-இல் வந்த டி40-இலிருந்தே நிக்கான் தன் சிறிய பாடிகளில் இந்த மோட்டாரை எடுத்துவிட்டது. டி3000, டி5000 வரிசைகள் எல்லாமே அப்படித்தான். டி90, டி7000 முதல் டி7500 வரை, டி750, டி850 போன்றவற்றில் மோட்டார் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர் யாரிடமாவது டி7200 இருந்தால் மாட்டிப் பாருங்கள், மாமாவின் லென்ஸ் 'கர்ர்' என்று சுற்றும்.

அதை விற்றுவிடாதீர்கள். ஒளிமானி, அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எல்லாம் உங்கள் பாடியிலேயே வேலை செய்யும், ஃபோகஸ் மட்டும் கையால் செய்யவேண்டும். லென்ஸில் உள்ள அபெர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா படம் எடுக்க மறுக்கும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடி ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால், ஃபோகஸ் சேர்ந்த இடத்தில் வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மேடையில் நிற்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுக்க அது தாராளமாகப் போதும். ஆட்டோஃபோகஸ் கட்டாயம் வேண்டுமென்றால் இதே 50 எம்எம்மில் ஏஎஃப்-எஸ் 1.8ஜி இருக்கிறது. அதற்கு மோட்டார் லென்ஸுக்குள்ளேயே. ஒன்று சொல்லிவைக்கிறேன்: நாளைக்கு மிரர்லெஸ் கேமரா வாங்கினாலும், பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மாமாவின் லென்ஸ் கையால்தான் ஃபோகஸ் ஆகும். அதிலும் அந்தத் தண்டு கிடையாது.

சரி, ஜூமுக்கு வருவோம். இது வேறு கதை. இந்த லென்ஸுக்கு மோட்டார் உள்ளேயே இருக்கிறது. பாடியோடு அது பேசுவது பின்னால் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னத் தங்க முலாம் புள்ளிகள் வழியாக. காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு மெல்லிய படலமாக எங்கேயும் படியும், படிந்த இடத்தில் ஈரத்தையும் இழுத்துவைத்துக்கொள்ளும். எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு வாரம் படம் எடுத்துவிட்டு வந்தபோது என் லென்ஸும் இப்படித்தான் அலைந்தது.

அடுத்த தடவை அது தடுமாறும்போது திரையில் அபெர்ச்சர் எண்ணைக் கவனியுங்கள். எண் மறைந்து, எஃப் பக்கத்தில் இரண்டு கோடு வந்து வந்து போனால், பாடிக்கு லென்ஸ் இருப்பதே தெரியவில்லை என்று அர்த்தம். கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, நூல் பிரியாத துணியில் இரண்டு சொட்டு ஐசோபிரப்பைல் ஆல்கஹால் விட்டு லென்ஸின் புள்ளிகளைத் துடையுங்கள். துணியில் கறுப்பாகவோ பச்சையாகவோ ஒட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. பாடிப் பக்கம் இருப்பவை ஸ்பிரிங் வைத்த ஊசிகள், அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுங்கள். சொட்டு உள்ளே இறங்கக் கூடாது. ரப்பர், உப்புத்தாள், கைகழுவும் சானிடைசர் எதுவும் வேண்டாம். அப்புறம் லென்ஸின் பக்கவாட்டு ஏ-எம் சுவிட்ச் பாதியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பையில் உரசி நகர்வது அடிக்கடி நடக்கும்.

ஏலத்தில் மட்டும்தான் அலைகிறது, பகலில் ஒழுங்காக இருக்கிறது என்றால் லென்ஸைக் குறை சொல்ல முடியாது. மங்கின வெளிச்சத்தில் ஈர மீனின் பளபளப்பில் ஃபோகஸுக்குப் பிடிப்பு கிடைக்காது. கேமராவின் உதவி விளக்கும் சுமார் 3 மீட்டர் வரைதான் எட்டும். உங்கள் பாடியின் 39 ஃபோகஸ் புள்ளிகளில் நடுவில் உள்ள 9 மட்டுமே குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கக்கூடியவை. ஒற்றைப் புள்ளியை நடுவில் வைத்து, கூடையின் விளிம்பு, வலையின் முடிச்சு, படகில் எழுதியிருக்கும் பதிவு எண் என்று கோடு தெளிவாகத் தெரியும் இடத்தில் பிடியுங்கள்.

துறைமுகத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெளிப்பக்கத்தை லேசான ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

துடைத்த பிறகும் பட்டப்பகலில் அலைந்தால், ஜூமை நண்பரின் நிக்கான் பாடியில் மாட்டுங்கள், அவருடைய ஏஎஃப்-எஸ் லென்ஸை உங்கள் பாடியில் மாட்டுங்கள். அவருடையது உங்கள் பாடியில் ஒழுங்காக ஓடி, உங்கள் ஜூம் அங்கேயும் தடுமாறினால், சர்வீஸ் சென்டருக்கு ஜூமை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பாடி வீட்டிலேயே இருக்கட்டும்.