பழைய துணியில் ஹாலோவீன் வேஷம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்டோபர் 31 விருந்துக்குப் பழைய துணிக்கடையில் வாங்கி வேஷம் தைக்கப் போகிறேன். எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: நிறத்தைப் பார்க்காதீர்கள், துணியின் ரகத்தைப் பாருங்கள். பருத்தி சாயம் ஏற்கும், நேர்கோட்டில் கிழியும், ஓரத்தில் நூல் பிரியும். பாலியஸ்டர் சாதாரணச் சாயத்தை எளிதில் ஏற்காது. லேபிள் இல்லாத துணி என்றால், வீட்டுக்கு வந்ததும் உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையும் பொடியாகும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கடினமான மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர்.

கோட்டு எடுத்தால் தோள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இடுப்பைப் பிடித்துத் தைப்பது சுலபம். தோளைப் பிரித்துத் தைப்பது நல்ல தையல்காரருக்கே தலைவலி. பெரிய அளவில் துணி வேண்டுமென்றால் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும்தான் லாபம். எதை வாங்கினாலும் வெட்டுவதற்கு முன் துவைத்துவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் அத்தனை வேலையும் வீண்.

கேள்வி: மம்மி (துணி சுற்றிப் பதப்படுத்திய எகிப்தியப் பிணம்) வேஷத்துக்கு உடம்பில் துணிப்பட்டைகளைச் சுற்றினேன். கொஞ்சம் நடந்ததுமே எல்லாம் அவிழ்ந்து காலில் விழுந்தது. ஏன்?

பதில்: பட்டைகள் பற்றிக்கொள்ள அடித்துணி இல்லாததுதான் காரணம். உடம்போடு ஒட்டிய முழுக்கை டீ-ஷர்ட் ஒன்றும் லெக்கிங்ஸ் ஒன்றும் வெளிர் நிறத்தில் எடுத்து, அவற்றின் மேல் பட்டைகளைத் தைக்க வேண்டும்.

1.5 மீட்டர் அகலமுள்ள ஒற்றைப் படுக்கை விரிப்பை 6 செ.மீ. பட்டைகளாகக் கிழித்தால் 25 கிடைக்கும். முதலில் மடித்துத் தைத்த ஓரங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். கிழிசல் அங்கேதான் வந்து நிற்கும். ஆனால் கிழிப்பதற்கு முன்பே சாயம் போட்டுவிடுவது நல்லது, கிழித்த பட்டைகள் பாத்திரத்தில் சிக்குப்பிடித்துவிடும். 3 லிட்டர் கொதிநீரில் 6 மேசைக்கரண்டி தேயிலையைத் துணியில் முடிந்து போட்டு, நன்றாகக் கறுத்ததும் விரிப்பைக் கசக்கிப் போடுங்கள். கசக்கினால்தான் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், பழமை தெரியும். ஒரு மணி நேரம் ஊறட்டும். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் நிறம் வெளிறும் என்பதால், வேண்டியதைவிடச் சற்று அடர்த்தியாக எடுங்கள். பிறகு ஓரத்தில் 2 செ.மீ. வெட்டுக் கொடுத்துக் கையாலேயே கிழியுங்கள். கத்தரியால் முழுக்க வெட்டினால் ஓரம் புதுத்துணி போல் இருக்கும்.

பலரும் தவறுவது தைக்கும்போதுதான். பட்டையைச் சுற்றுவட்டம் முழுவதும் இறுக்கித் தைத்தால் பின்னல்துணியான டீ-ஷர்ட் இழுபடாது. தலை வழியாகப் போடும்போதே தையல் படபடவென்று அறுந்துவிடும். ஆகவே டீ-ஷர்ட்டைப் போட்டபடி ஒருவரைப் பட்டை சுற்றி ஊக்குக் குத்தச் சொல்லுங்கள். கழற்றியபின் முன்பக்கம் இரண்டு தையல், பின்பக்கம் இரண்டு தையல் போதும், விலாப்பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். முழங்கை, முழங்கால் மேல் வரும் பட்டைகளை ஒரு பக்கம் மட்டும் பிடியுங்கள். சட்டையையும் லெக்கிங்ஸையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள், கழிவறைக்குப் போகும்போது புரியும்!

கேள்வி: பழைய கோட்டுக்குக் கறுப்புச் சாயம் போட்டேன். அழுக்குச் சாம்பல் நிறம்தான் வந்தது.

பதில்: அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும். அதற்கென்று தனிச் சாயம் உண்டு, அதையும் கொதிநிலையை ஒட்டிய சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். கோட்டுக்கு அந்தச் சிகிச்சை வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் விறைப்புத்துணி கழன்று கொப்புளம் விடும். வந்த சாம்பல் நிறத்தையே ஆவி வேஷத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீர்த்த பழுப்பு அக்ரிலிக் பெயின்டைத் தெளித்து, முழங்கை, பை விளிம்பு, கீழ் ஓரம் ஆகிய இடங்களில் உப்புத்தாளால் தேயுங்கள். நடு முதுகில் தேய்க்காதீர்கள். உண்மையில் துணி தேயாத இடத்தில் தேய்மானம் காட்டினால் பொய் தெரிந்துவிடும்.

கேள்வி: க்ளூ கன்னால் (பசையை உருக்கி ஒட்டும் கருவி) ஒட்டிய ஒட்டுத்துணிகள் உரிந்து வருகின்றன.

பதில்: அந்தப் பசை நூலுக்குள் இறங்காமல் மேலே படிந்து ஆறிவிடுகிறது, வழுவழுப்பான துணியில் நிற்காது. ஊசி நூல்தான் வழி.

கேள்வி: குழந்தைக்குத் தைக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: முதலில் நெருப்பு. பூசணிக்காயைக் குடைந்து மெழுகுவர்த்தி வைக்கும் விளக்குகள் தரையில்தான் இருக்கும், அங்கிகளும் தரையைத்தான் கூட்டும். நூல் பிரிந்த பருத்தி ஓரம் சட்டென்று பற்றும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். இரண்டுமே ஆபத்து என்பதால் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள், தொங்கும் சட்டைக் கைகளை மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்குங்கள். அங்கி கணுக்காலுக்கு 5 செ.மீ. மேலேயே நிற்கட்டும், அளவெடுக்கும்போது அன்று போடப்போகும் செருப்பையே போட்டு நிற்கவைக்க வேண்டும். கண்ணை மறைக்கும் முகமூடியைவிட முகச்சாயம் மேல், அதையும் முதல் நாளே கையில் தடவி அரிக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு உடை என்றால் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் நாடா ஒட்டுங்கள். கழுத்தில் கட்டும் மேலங்கிக்கு நாடா முடிச்சு கூடாது. 2 செ.மீ. வெல்க்ரோ துண்டு வையுங்கள், எங்காவது மாட்டி இழுத்தால் அது தானாக விட்டுவிடும்.